கைமாறும் மோட்டார் சைக்கிள்களும் கைமாறாத ஆவணங்களும்

ஊவா மாகாணத்தின் மலைப்பாதைகளில் இன்று மோட்டார் சைக்கிளின் ஓசை கேட்காத தோட்டம் இல்லை. இலங்கையில் பதிவு செய்யப்பட்டுள்ள வாகனங்களில் அரைவாசிக்கும் அதிகமானவை மோட்டார் சைக்கிள்களே. பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை ஆகிய பகுதிகளின் தோட்டப்புற இளைஞர்களும், வெலிமடை, குருத்தலாவை, பதுளை நகரம் ஆகியவற்றின் முஸ்லிம் இளைஞர்களும் இதற்கு விதிவிலக்கானவர்கள் அல்லர். தொழிலுக்காகவும் பயணத்துக்காகவும் வாங்கப்படும் சாதாரண மோட்டார் சைக்கிள்களோடு, தோற்றத்துக்காகவும் வேகத்துக்காகவும் விரும்பப்படும் ‘ஸ்போர்ட்ஸ்’ ரக மோட்டார் சைக்கிள்களும் அண்மைக் காலமாகப் பெருகி வருகின்றன. தியத்தலாவையில் நடைபெறும் ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தைக் காண மலையகத்தின் நாலா திசைகளிலிருந்தும் இளைஞர்கள் திரள்வது இந்த மோகத்தின் ஓர் அடையாளம். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அங்கு பந்தயக் காரொன்று பார்வையாளர்கள் மத்தியில் பாய்ந்ததில் ஏழு பேர் உயிரிழந்தமை அந்த மோகத்தின் மறுபக்கத்தையும் நமக்குக் காட்டியது.

இத்தகைய மோட்டார் சைக்கிளைப் புதிதாக வாங்கும் வசதி பெரும்பாலானோருக்கு இல்லை. 2020 மார்ச் மாதம் முதல் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டதும், 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்ததும், பாவித்த வாகனங்களின் விலையை எட்டாத உயரத்துக்குக் கொண்டு சென்றன. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்தபோதிலும், அதிக வரியும் ரூபாவின் பெறுமதி இழப்பும் சேர்ந்து புதிய வாகனத்தை எட்டாக் கனியாகவே வைத்திருக்கின்றன. எனவே பத்திரிகை விளம்பரத்தையோ இணையத்தள விளம்பரத்தையோ பார்த்து, அல்லது நண்பர் ஒருவரின் மூலம் அறிந்து, தனிநபர் ஒருவரிடமிருந்து பாவித்த மோட்டார் சைக்கிளை வாங்குவதே வழமையாகிவிட்டது.

இதில் பணயம் வைக்கப்படுவது எவ்வளவு என்பதை ஒரு சிறு கணக்கு உணர்த்தும். 2024 செப்டெம்பரில் பெருந்தோட்டத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. நான்கு இலட்சம் ரூபா பெறுமதியான மோட்டார் சைக்கிளொன்றை எடுத்துக்கொண்டால், அது அச்சம்பள அளவில் ஏறத்தாழ 300 நாள் உழைப்புக்குச் சமம். அதன் பின்னரான சம்பள உயர்வைச் சேர்த்துப் பார்த்தாலும் நிலைமை பெரிதாக மாறிவிடாது. தாயின் ஊழியர் சேமலாப நிதி, அடகு வைத்த நகை, கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ பல வருடங்கள் உழைத்துச் சேர்த்த பணம் ஆகியவையே பெரும்பாலும் இந்தக் கொள்வனவின் மூலதனம். ஒரு பின்னேரத்தில், அரை மணித்தியாலப் பேச்சில், ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு கைமாறிவிடுகின்றது. எனவே வாங்குபவர் அறிந்திருக்க வேண்டிய விடயங்களைச் சற்று விரிவாக நோக்குவது பயனுள்ளதாகும்.

சட்டம் யார் பக்கம்?

கடையொன்றில் வாங்கும் பொருளுக்கும் தனிநபரிடம் வாங்கும் பொருளுக்கும் சட்டத்தின் பார்வையில் வேறுபாடு உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வியாபாரிகளைக் கட்டுப்படுத்துவதற்காக இயற்றப்பட்டது. தன்னுடைய சொந்த மோட்டார் சைக்கிளை ஒருமுறை விற்கும் தனிநபர் அந்த வரையறைக்குள் வருவதில்லை. இன்றும் நடைமுறையிலுள்ள 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வாங்குபவரே பொருளைச் சோதித்தறிய வேண்டும் என்ற பொதுக் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டது. விற்பவருக்குப் பொருளை விற்கும் உரிமை இருக்க வேண்டும் என்பதை அச்சட்டம் உறுதிப்படுத்துகின்றது. ஆனால் தரம் பற்றிய உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, அத்தகைய பொருட்களை விற்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு விதிக்கும் பொறுப்பை அது தனிநபர் மீது சுமத்துவதில்லை. இயந்திரம் மறுநாளே செயலிழந்தாலும், விற்றவர் தெரிந்தே பொய் கூறினார் என்பதை நிரூபிக்க முடியாவிட்டால் வாங்கியவர் செய்யக்கூடியது மிகக் குறைவு.

ஆகவே தனியார் கொள்வனவில் பாதுகாப்பு என்பது பணம் கொடுப்பதற்கு முன்னர் மட்டுமே உண்டு. முதலில் ஆவணங்களையும், அடுத்து வாகனத்தையும் பரிசோதித்த பின்னரே விலை பேச வேண்டும். நம்மில் பலர் இந்த ஒழுங்கைத் தலைகீழாகவே கடைப்பிடிக்கின்றனர்.

‘ஓப்பன் பேப்பர்’ எனும் பொறி

பாவித்த வாகனச் சந்தையில் அதிகம் கேட்கும் சொல் ‘ஓப்பன் பேப்பர்’ என்பதாகும். பதிவு செய்யப்பட்ட உரிமையாளர், உரிமை மாற்றத்துக்கான எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 ஆகிய படிவங்களில் கையொப்பமிட்டு, வாங்குபவரின் பெயரை நிரப்பாமல் ஒப்படைத்துவிடுகின்றார். அதனைப் பெற்றவர் தம் பெயருக்கு மாற்றாமலேயே சில மாதங்கள் ஓடி, அதே தாள்களுடன் வேறொருவருக்கு விற்கின்றார். இவ்வாறு நான்கைந்து பேரின் கைகளுக்கு மாறிய பின்னரும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டில் முதலாமவரின் பெயரே நிலைத்திருக்கும்.

மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்படி, வாகனம் கைமாறிய 14 நாட்களுக்குள் புதிய உரிமையாளர் உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதனை வெறும் அலுவலகச் சடங்காகக் கருதுவது பெருந்தவறு. படிவத்தில் கையொப்பமிட்டவர் காலமாகிவிட்டால் அந்தக் கையொப்பத்தைக் கொண்டு உரிமையை மாற்ற முற்படுவது சிக்கலில் முடியும். அவரது வாரிசுகளை நாட வேண்டிய நிலை ஏற்படும். அவர் வெளிநாடு சென்றுவிட்டாலும், படிவத்தில் ஏதேனும் பிழை இருந்தாலும், அவரைத் தேடிப் பிடிப்பது இயலாத காரியமாகிவிடும். மறுபுறம், விற்றவருக்கும் ஆபத்து உண்டு. அந்த மோட்டார் சைக்கிள் விபத்திலோ குற்றச் செயலிலோ சம்பந்தப்பட்டால், பொலிஸார் முதலில் தட்டுவது பதிவேட்டிலுள்ள உரிமையாளரின் கதவையே.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது இது கண்கூடாகத் தெரிந்தது. அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த கியூ.ஆர். குறியீட்டு முறையில் வாகன இலக்கம், அடிச்சட்ட இலக்கம் ஆகியவற்றைக் கொண்டே எரிபொருள் ஒதுக்கீடு வழங்கப்பட்டது. வேறொருவரின் பெயரிலுள்ள வாகனத்தை வைத்திருந்தவர்கள், முன்னைய உரிமையாளர் முந்திப் பதிவு செய்திருந்தால், தமது கையிலுள்ள வாகனத்துக்குப் பெற்றோல் பெறுவதற்கு அவரது தயவை நாட வேண்டியிருந்தது. கையில் வாகனம் இருப்பதும் அதற்கு உரிமையாளராக இருப்பதும் ஒன்றல்ல என்பதைப் பலர் அன்றுதான் உணர்ந்தனர்.

எனவே பதிவுச் சான்றிதழிலுள்ள பெயரும், விற்பவரின் தேசிய அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். இல்லையெனில், பதிவேட்டிலுள்ள உரிமையாளரை நேரில் சந்திக்காமல் ஒரு சதமேனும் கொடுக்கக் கூடாது. பதிவுச் சான்றிதழ் தொலைந்துவிட்டது, பிறகு எடுத்துத் தருகின்றேன் என்று கூறுபவரிடம், எடுத்த பின்னர் வருகின்றேன் என்று கூறித் திரும்புவதே அறிவுடைமை. திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொண்டு அடிப்படை விபரங்களைச் சரிபார்க்கும் வசதியும் உண்டு.

அடுத்ததாக, சான்றிதழில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனமொன்றின் பெயர் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். லீசிங் முறையில் வாங்கப்பட்ட வாகனத்துக்கு உண்மையான உரிமையாளர் அந்நிறுவனமே. தவணைகள் முழுமையாகச் செலுத்தப்பட்டிருந்தாலும், நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் திணைக்களத்தில் சமர்ப்பிக்கப்பட்டு அப்பெயர் நீக்கப்படும் வரை உரிமை மாறாது. மீதித் தவணைகளை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்ற வாய்மொழி ஏற்பாடு இன்னும் மோசமானது. வாங்கியவர் ஒழுங்காகக் கட்டி வந்தாலும் ஒப்பந்தம் பழையவரின் பெயரிலேயே இருக்கும். அவருக்கு வேறு நிலுவைகள் இருந்தாலோ, இடையில் அவர் கைக்குக் கிடைத்த பணத்தை நிறுவனத்துக்குச் செலுத்தாமல் விட்டாலோ, வாகனம் பறிமுதல் செய்யப்படுவது வாங்கியவரின் வாசலில்தான். நிதி நிறுவனத்தின் எழுத்து மூலமான சம்மதத்துடன் ஒப்பந்தத்தையே தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளாமல் இதில் இறங்கக் கூடாது.

முஸ்லிம் வாசகர்கள் இவ்விடயத்தில் இன்னொரு கோணத்தையும் கவனிப்பர். வட்டியுடன் கூடிய தவணைக் கடனைப் பொறுப்பேற்பது மார்க்க அடிப்படையில் பிரச்சினைக்குரியது என்பதால், வங்கி பொருளை முதலில் தானே வாங்கி, இலாபத்தை வெளிப்படையாகச் சேர்த்து விற்கும் முராபஹா முறையைப் பலர் நாடுகின்றனர். தனக்கு உரிமையில்லாத பொருளை விற்கக் கூடாது என்பதும், பொருளின் குறையை மறைக்கக் கூடாது என்பதும் இஸ்லாமிய வணிக நெறியின் அடிப்படைகள். சந்தையில் தானியக் குவியலினுள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த நிகழ்வு அனைவரும் அறிந்ததே. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரமும் வணிகத்துக்கு இதே நேர்மையைத்தான் விதிக்கின்றது. மைலேஜைக் குறைத்துக் காட்டுவதும், விழுந்த தழும்பை ஸ்டிக்கரால் மூடுவதும் அந்த ஈரத் தானியத்தின் இன்றைய வடிவங்களே.

மலைநாட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

ஆவணங்கள் சரியாக இருந்தால் வாகனத்துக்கு வரலாம். அடிச்சட்டத்திலும் இயந்திரத்திலும் பொறிக்கப்பட்டுள்ள இலக்கங்களைச் சான்றிதழுடன் எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். இலக்கம் உள்ள இடம் உராய்க்கப்பட்டிருந்தாலோ, புதிதாக வர்ணம் பூசப்பட்டிருந்தாலோ, எழுத்துகள் நேர்கோட்டில் இல்லாவிட்டாலோ அத்துடன் பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும். திருடப்பட்ட வாகனத்தை அறியாமல் வாங்கியவரும் பணத்தையும் வாகனத்தையும் இழந்து பொலிஸ் நிலையத்துக்கு அலைய நேரிடும்.

ஸ்போர்ட்ஸ் ரக மோட்டார் சைக்கிளின் உடலை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கவசம் அதன் கடந்த காலத்தையும் மூடிவிடுகின்றது. விழுந்த வாகனத்தின் கவசத்தை மாற்றிவிட்டால் புதியதைப் போலவே தோன்றும். ஆகவே மாற்ற மறக்கும் இடங்களையே பார்க்க வேண்டும். பிரேக், கிளச் பிடிகளின் நுனி, கைப்பிடியின் முனை, கால் வைக்கும் தாங்கி, இயந்திரத்தின் பக்க மூடி ஆகியவற்றிலுள்ள கீறல்கள் விழுந்ததைக் காட்டும். கைப்பிடியை இருபுறமும் முழுமையாகத் திருப்பும்போது அடிச்சட்டத்தில் மோதி நிற்கும் சிறிய தடுப்பு நசுங்கியிருந்தாலோ உடைந்திருந்தாலோ, அது முன்பக்கமாக நிகழ்ந்த பலமான மோதலின் அடையாளம்.

தோட்டப் பாதைகள் இவ்வாகனங்களுக்காக அமைக்கப்பட்டவை அல்ல. கல் பெயர்ந்த பாதையில் தொடர்ந்து ஓடிய வாகனத்தின் முன் ஷொக் அப்சோபரில் எண்ணெய் கசியும். கைப்பிடியின் கோன் செட் தேய்ந்து, திருப்பும்போது நடுவில் சிக்குவது போன்ற உணர்வு தோன்றும். சக்கர ரிம்மில் நெளிவுகள் காணப்படும். இடைவிடாத ஏற்றங்களில் அரைக் கிளச்சில் ஓட்டுவதால் கிளச் தட்டுகள் விரைவில் தேய்கின்றன. மேல் கியரில் ஏற்றமொன்றில் வேகத்தைக் கூட்டும்போது இயந்திரத்தின் சத்தம் மட்டும் உயர்ந்து வேகம் உயராவிட்டால் கிளச் முடிந்துவிட்டது என்று பொருள். செயினைப் பின் பல்சக்கரத்தில் பின்னோக்கி இழுக்கும்போது பல்லின் பாதியளவு வெளியே தெரிந்தால் செயினையும் பல்சக்கரங்களையும் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இயந்திரத்தைக் குளிர்ந்த நிலையிலேயே இயக்கிப் பார்க்க வேண்டும். வாங்குபவர் வருமுன்னரே சூடாக்கி வைத்திருந்தால், காலையில் இயங்க மறுக்கும் குறையை மறைக்கவே பெரும்பாலும் அவ்வாறு செய்திருப்பர். பண்டாரவளையின் குளிர்ந்த காலைப்பொழுதே இதற்குச் சிறந்த பரிசோதனைக் கூடம். நீல நிறப் புகை என்ஜின் ஒயில் எரிவதையும், கரும்புகை எரிபொருள் மிகையாகச் செல்வதையும், இயந்திரம் சூடான பின்னரும் நிற்காத வெண்புகை திரவக் குளிரூட்டியுள்ள இயந்திரத்தில் நீர் உட்புகுவதையும் உணர்த்தும். அதேவேளை, உயரம் 1,000 மீற்றரால் கூடும்போது வளியின் அடர்த்தி ஏறத்தாழ 10 சதவீதத்தால் குறைகின்றது. தாழ்நிலத்தில் சரிசெய்யப்பட்ட காபரேட்டர் உள்ள வாகனம் ஹப்புத்தளையில் சற்றுச் சோர்வாக இயங்குவதைப் பழுதென்று எண்ண வேண்டியதில்லை.

மலைநாட்டில் மிக முக்கியமானது பிரேக். பெரகலையிலிருந்து வெல்லவாயவுக்கோ, எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கோ இறங்கும் பாதையில் பிரேக்குகள் நீண்ட நேரம் வெப்பமடைகின்றன. டிஸ்க் பிரேக்கிலுள்ள திரவம் காலப்போக்கில் வளியிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டொட் 4 தரத்திலுள்ள திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பின்னர் அவ்வெல்லை 155 பாகை அளவுக்கு இறங்கிவிடுகின்றது. திரவம் கொதித்தால் குமிழிகள் தோன்றி, பிடியை எவ்வளவு அழுத்தினாலும் பிரேக் பிடிக்காது. திரவம் கறுத்துக் காணப்பட்டால் அது நீண்டகாலம் மாற்றப்படவில்லை என்று கொள்ளலாம். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் பலியான துயரம், இப்பாதைகள் எத்தவறையும் மன்னிப்பதில்லை என்பதை நினைவூட்டுகின்றது. டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்கள் அதன் வயதைக் கூறும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரிக்கப்பட்டது என்பதே பொருள். பூ தேயாமல் இருந்தாலும் வெடிப்பு விழுந்த பழைய டயர் ஈர வீதியில் ஆபத்தானது.

2025 நவம்பரில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டம் உட்பட நாட்டின் பல பகுதிகளை வெள்ளத்திலும் மண்சரிவிலும் ஆழ்த்தியது. வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்கள் கழுவப்பட்டுச் சந்தைக்கு வரும் என்பதையும் மறத்தலாகாது. இருக்கைக்கு அடியிலும் மின்கம்பி இணைப்புகளிலும் உலர்ந்த சேறு, மீற்றர் கண்ணாடியினுள் பனி மூட்டம், பச்சை படிந்த செப்பு முனைகள் ஆகியவை அதன் தடயங்கள்.

எந்த மாதிரி என்பதும் சிந்திக்கத்தக்கது. 2008இல் இந்தியாவில் அறிமுகமான யமஹா ஆர் 15, அல்லது பல்சர், அபாச்சி, ஜிக்சர் போன்ற ஒற்றைச் சிலிண்டர் வாகனங்களுக்கு உதிரிப்பாகங்கள் பெறுவதும் பழுது பார்ப்பதும் ஒப்பீட்டளவில் எளிது. 1990களில் ஜப்பானில் தயாரான ஹொண்டா சி.பி.ஆர். 250 போன்றவை நான்கு சிலிண்டர்களும் நான்கு காபரேட்டர்களும் கொண்டவை. அவற்றின் ஓசை இளைஞரை மயக்கும். ஆனால் முப்பது வயதைக் கடந்த அவ்வியந்திரங்களைச் சீராகப் பராமரிக்கத் தெரிந்த கைகள் சிலவே உள்ளன. 100 சி.சி.க்கு மேற்பட்டவற்றை ஓட்டுவதற்கு சாரதி அனுமதிப்பத்திரத்தில் ‘ஏ’ பிரிவு இருக்க வேண்டும். ‘ஏ1’ மட்டும் போதாது. அதிக ஓசை எழுப்பும் சைலன்சர் முதலிய மாற்றங்களுக்கு எதிராக 2025 ஜனவரியில் பொலிஸார் விசேட நடவடிக்கையில் இறங்கியதையும் நினைவிற்கொள்வது நல்லது.

கொடுக்கல் வாங்கல்

விலை தீர்மானிக்கப்பட்ட பின்னர், வாகன இலக்கம், அடிச்சட்ட, இயந்திர இலக்கங்கள், தொகை, இருவரின் அடையாள அட்டை இலக்கங்கள், ஒப்படைத்த திகதியும் நேரமும் ஆகியவற்றை எழுதி, இரு சாட்சிகளுடன் கையொப்பமிட வேண்டும். நேரம் குறிப்பிடப்பட வேண்டியதற்குக் காரணம், அதற்கு முன்னரான குற்றங்களும் தண்டப்பணங்களும் விற்றவரையும், பின்னரானவை வாங்கியவரையும் சாரும் என்பதே. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறும் சாட்சிகளை அமைத்துக்கொள்ளுமாறும் திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் வலியுறுத்துவதை முஸ்லிம்கள் அறிவர். பணத்தை வங்கி மூலம் செலுத்துவது மற்றுமொரு சாட்சி. வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவை காலாவதியாகாதவையா என்று பார்ப்பதுடன், காப்புறுதியைத் தம் பெயரில் புதிதாகப் பெற வேண்டும். பழையவரின் காப்புறுதி தம்மைக் காக்கும் என்று நம்பியிருத்தல் கூடாது.

மொழி இங்கு ஒரு முக்கிய தடை. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள படிவத்தில், வாசிக்க இயலாமலே கையொப்பமிடும் தோட்டப்புற இளைஞர் பலர். தமிழ் இந்நாட்டின் அரச கரும மொழி. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. அங்கு தமிழில் விளக்கம் கேட்பது உரிமையே தவிர சலுகையன்று. அத்துடன் தோட்டங்களில் கடிதங்கள் பெரும்பாலும் தோட்ட அலுவலகத்தின் ஊடாகவே வருவதால், பதிவுச் சான்றிதழ் போன்ற பெறுமதியான ஆவணங்கள் தாமதமாகவோ தவறியோ போகின்றன. நம்பிக்கையான நகர முகவரியொன்றைக் கொடுப்பது உசிதமானது.

பிணக்கு ஏற்பட்டால் உடனே நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகளில் சட்டத்தரணி இன்றியே முறையிடலாம். எழுதிய தாளும் வங்கிப் பற்றுச்சீட்டும் இருந்தால் அங்கு பேச்சு எடுபடும்.

தோட்டப்புறத் தொழிற்சங்கங்கள், இளைஞர் மன்றங்கள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், கோயில் அறங்காவலர் சபைகள், சாரதிப் பயிற்சி நிலையங்கள் ஆகியன இவ்விடயத்தில் ஒரு விழிப்புணர்வை ஏற்படுத்தலாம். பிரதேச செயலகங்கள் நடத்தும் நடமாடும் சேவைகளில் உரிமை மாற்ற விண்ணப்பங்களுக்கும் ஓரிடம் ஒதுக்கப்படுமாயின், கொழும்பு நாரஹேன்பிட்டி வரை சென்றுவர ஒரு நாள் சம்பளத்தையும் பயணச் செலவையும் இழக்க அஞ்சி ‘ஓப்பன் பேப்பரோடு’ ஓடுபவர்களின் தொகை குறையும். இளைஞர்களின் ஆசையைக் குறைகூறிப் பயனில்லை. ஓராண்டு உழைப்பைக் கொடுத்து வாங்கும் பொருள் தம் பெயரிலும், மலை இறங்கும்போது பிடிக்கும் பிரேக்குடனும் இருக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பதே பெரியோரின் கடமையாகும்.